பத்தொன்பது மேலாளர்கள் நடந்த தூரம்

மனிதகுலம் மகிழ்ச்சியைத் தேடிப் புறப்பட்டுப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. ரிஷிகள் காட்டில் தேடினார்கள், மன்னர்கள் அந்தப்புரத்தில் தேடினார்கள். அது கடைசியில் அகப்பட்ட இடம் புனே நகரத்தில், பாணேரில், ஓர் ஏழு மாடிக் கட்டடத்தின் ஐந்தாவது தளம் என்பது இன்னும் பலருக்குத் தெரியாது. தெரியாதவர்களுக்குத் தெரிவிக்கும் கடமை எனக்கு இருக்கிறது. அந்தத் தளத்தின் மகிழ்ச்சிக்கு நான்தான் பொறுப்பு.

என் பெயர் வெங்கடேஸ்வரன். விசிட்டிங் கார்டில் 'துணைத்தலைவர், மகிழ்ச்சி மற்றும் சமூகப் பொறுப்பு' என்று போட்டிருக்கும். அதற்கு முன்னால் நான் நிர்வாக மேலாளர். ஏசி ரிப்பேர், கழிப்பறை வாளி, வாசல் செக்யூரிட்டி ஆகியவற்றைக் கவனித்துவந்தேன். ஒரு திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு மேலிடம் மகிழ்ச்சிதான் முக்கியம் என்று கண்டுபிடித்தது. யாருக்கு வேலை குறைவு என்று பார்த்து என்னிடம் ஒப்படைத்தது. வாளியும் செக்யூரிட்டியும் கூடவே இருக்கட்டும் என்றார்கள். நிறுவனத்தின் பெயரைச் சொல்ல எனக்கு ஆசைதான், ஆனால் எங்கள் சட்டப் பிரிவு வேண்டாம் என்கிறது.

பொறுப்பேற்ற முதல் மாதமே பல புரட்சிகளைச் செய்தேன். மாலை நான்கு மணிக்குப் பத்து நிமிடம் 'சிரிப்பு வேளை' ஏற்படுத்தினேன். சிரிக்க வராதவர்களிடம் எழுத்தில் விளக்கம் கேட்டேன். வாரத்தில் ஒருநாள் மீட்டிங்கே கிடையாது என்று அறிவித்தேன். அது எந்தக் கிழமை என்று முடிவுசெய்ய இன்றுவரை மீட்டிங் நடந்துகொண்டிருக்கிறது. உட்கார்ந்து வேலை பார்ப்பது உடம்புக்குக் கெடுதல் என்று எங்கேயோ படித்துவிட்டு, நின்றபடி வேலை பார்ப்பதற்கான உயர மேஜைகளை வரவழைத்தேன். ஆபீஸ் பிள்ளைகள் அதற்கு ஏற்ற உயர நாற்காலிகளைக் கேட்டு வாங்கி உட்கார்ந்துகொண்டார்கள். இத்தனைக்குப் பிறகும் எங்கள் 'மகிழ்ச்சிக் குறியீடு' ஐந்துக்கு மூன்றரையைத் தாண்டவில்லை.

எங்கள் நிர்வாக இயக்குநர் ராகவேந்திரா கோயமுத்தூர்க்காரர். மரியாதை கொடுத்துத்தான் திட்டுவார்.

"வெங்கட்டு, மூன்றரைங்கறது மகிழ்ச்சிங்களா? எம்பட பையன் கணக்குல வாங்கற மார்க்குங்க அது. பக்கத்து கம்பெனிக்காரனுக்குப் போன வருசம் 'ஆனந்தப் பணியிடம்' விருது குடுத்துட்டாங்க. அவன் எங்க அபார்ட்மென்ட்தான். லிஃப்ட்ல என்னையப் பாத்து சும்மாவே சிரிக்கறானுங்க."

"இந்த வருஷம் நமக்குத்தான் சார்," என்றேன்.

விருதின் விதிகள் எளிமையானவை. மகிழ்ச்சி மேலிருந்து கீழே வர வேண்டும். ஆகவே நிர்வாகக் குழுவில் இருக்கும் பத்தொன்பது பேரும் கையில் ஃபிட்னெஸ் பட்டை கட்டிக்கொள்ள வேண்டும். மூன்று மாதம், ஞாயிறு உட்பட, தினமும் ஆளுக்குப் பத்தாயிரம் காலடி நடக்க வேண்டும். பட்டை எண்ணிக்கொள்ளும், இதயத் துடிப்பையும் குறித்துக்கொள்ளும்.

பத்தாயிரம் என்பது சாதாரண எண் அல்ல. என் வீடு அலுவலகத்திலிருந்து எழுநூறு மீட்டர். நடந்தால் எட்டு நிமிடம், காரில் வந்தால் அரை மணி. துணைத்தலைவர் நடந்து வருகிறார் என்று தெரிந்தால் பார்க்கிங் இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள் என்பதால் காரில்தான் வருவேன். முதல் நாள் நான் நடந்தது ஆயிரத்து நூற்று நாற்பது அடி. எனக்குச் சர்க்கரை இருப்பதால் அடிக்கடி கழிப்பறைக்குப் போனதில் அதுவாவது வந்தது.

"இதுல பாதி நீங்க கையை ஆட்டி ஆட்டிப் பேசினதா இருக்கும்," என்றாள் என் மனைவி ருக்மிணி.

இரண்டாம் நாள் காலை கை கழுவும்போது பட்டையைக் கழற்றி வாஷ்பேசின் ஓரத்தில் வைத்தேன், அங்கேயே மறந்துவிட்டேன். மாலையில் கிரிஜா என் அறைக்கு வந்தார்.

கிரிஜா எங்கள் தளத்தைப் பெருக்கித் துடைப்பவர். நாற்பத்தெட்டு வயது. அப்பா காலத்திலேயே கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்து ஏரவாடாவில் தங்கிவிட்ட குடும்பம். காலை ஏழு மணிக்கு வந்தால் மாலை ஐந்துக்குத்தான் போவார். ஒப்பந்தக்காரர் மூலம் வருவதால் அவர் எங்கள் ஊழியர் அல்ல. எங்கள் ஊழியர்களின் மகிழ்ச்சிக்கான 'உட்கட்டமைப்பு' என்று ஆண்டறிக்கையில் குறிப்பிட்டிருக்கிறேன். எங்கள் நிறுவனத்தில் எல்லோரும் சமம் என்பதால் எல்லோரும் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறோம். அவர் எங்களை சார் என்கிறார்.

"சார், இது உங்க வாட்ச்சா? காலைல பேசின்கிட்ட கெடந்துச்சு. யாராவது எடுத்துருவாங்கன்னு நானே கையில கட்டிக்கிட்டேன். கோச்சுக்காதீங்க."

வாங்கிப் பார்த்தேன். இருபத்தோராயிரத்து முந்நூறு அடி.

நான் கோபித்துக்கொள்ளவில்லை. பெரிய கண்டுபிடிப்புகள் எல்லாமே ஏதோ மறதியில் பிறந்தவைதான். மறுநாள் ராகவேந்திரா எல்லோருக்கும் மெயில் அனுப்பினார்: 'ஐம்பத்து மூன்று வயதில் வெங்கட் நடக்கிறார். நீங்கள்?' அந்த வாரமே 'நேரமில்லை என்பது மனத்தடை' என்ற தலைப்பில் நாற்பது நிமிடம் உரையாற்றினேன், உட்கார்ந்தபடி. முடிவில் ஒரு புதுப் பையன் எழுந்து கேட்டான்.

"சார், நீங்க எப்ப நடக்கறீங்க? நாங்க பாத்ததே இல்லையே."

"நடைங்கறது வெளில தெரியற விஷயம் இல்லப்பா. அது ஒரு உள்முகப் பயணம்."

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

அன்று மாலையே நிதிப் பிரிவுத் தலைவர் ஷ்யாம் என்னைத் தனியே பிடித்துக்கொண்டார். மறுநாள் விற்பனை, அதற்கு மறுநாள் தரக்கட்டுப்பாடு. இரண்டு வாரத்தில் நிர்வாகக் குழு முழுவதும் என்னிடம் வந்து பட்டையைக் கழற்றிக் கொடுத்தது. கடைசியாக ராகவேந்திரா தாமே வந்தார், கதவைச் சாத்தினார், கைக்குட்டையில் சுற்றிய ஒன்றை என் மேஜைமேல் வைத்தார்.

"கொஞ்சம் பாத்துக்குங்க, வெங்கட்டு. நானும் மனுசன்தானுங்களே."

ஆக, கிரிஜாவின் இடக்கையில் பத்து, வலக்கையில் ஒன்பது. மணிக்கட்டில் தொடங்கி முழங்கை வரை ஏறியது எங்கள் நிர்வாகம்.

"இத்தனையும் நானே போட்டுக்கணுமா சார்? மாப் புடிக்கறப்ப வழுக்குது."

"இது ஒரு கௌரவம் கிரிஜா. நிர்வாகமே உன் கையிலதான் இருக்கு. வேணாம்னா தாராளமா சொல்லிடு. போசரி ஃபாக்டரில ஆள் கேட்டுண்டிருக்கா, ஒப்பந்தக்காரர் உன்னை அங்க மாத்திடுவார். கட்டாயமே இல்ல."

ஏரவாடாவிலிருந்து போசரிக்கு எத்தனை பஸ் மாற வேண்டும் என்று மனதுக்குள் எண்ணிப் பார்த்தார்போல. கட்டாயமில்லாமல் ஒப்புக்கொண்டார்.

இதோடு நின்றிருந்தால் எங்களைச் சுயநலக்காரர்கள் என்று நீங்கள் நினைத்திருக்கலாம். எங்கள் சமூகப் பொறுப்புப் பிரிவில் ப்ரீதி என்று ஒரு பெண் இருக்கிறாள். தமிழ்க் குடும்பம்தான், புனேயிலேயே பிறந்து வளர்ந்தவள், தமிழை வழுக்குத் தரையில் நடப்பதுபோல ஜாக்கிரதையாகப் பேசுவாள். அவள்தான் அந்தத் திட்டத்தைக் கொண்டுவந்தாள். நிர்வாகக் குழு ஐம்பது லட்சம் அடி நடந்து முடித்தால் ஏழை மக்களுக்கு ஓர் இலவச மூட்டுவலி முகாம். திட்டத்தின் பெயர் 'அடிக்கு அடி அன்பு'. பன்னிரண்டே நாளில் நாங்கள் ஐம்பது லட்சம் அடி நடந்துவிட்டோம்.

அந்தச் சமயத்தில்தான் கிரிஜா ஒரு கோரிக்கையோடு வந்தார்.

"சார், ஒரு குர்ச்சி கெடைக்குமா?"

"குர்ச்சியா? எதுக்கு?"

"உக்கார சார்."

"எங்க?"

"தொடப்பம் வெக்கிற ரூம்ல ஓரமா போட்டுக்கறேன். பழசு, கால் ஆடறது எதுன்னாலும் பரவால்ல. மத்தியானம் ஒரு இருபது நிமிசம். முட்டி ரெண்டும் வீங்கிக் கெடக்குது. இப்டியே போச்சுன்னா வேலைக்கு வர முடியாது சார். நான் வரலன்னா வேற ஆளப் போட்டுருவாங்க. வீட்ல என் சம்பளம்தான்."

எங்கள் தளத்தில் இருநூற்று நாற்பது நாற்காலிகள் இருக்கின்றன. துப்புரவுப் பணியாளர்கள் அவற்றில் உட்காரக் கூடாது என்று ஓர் அறிவிப்பு ஒட்டியிருக்கிறது. நிர்வாக மேலாளராக இருந்தபோது நானே எழுதியது, நல்ல நடை. "ஞாயித்துக்கிழமை நம்ம முகாம் நடக்கப்போறது. டாக்டர்கிட்டயே காட்டிடு," என்று அனுப்பிவைத்தேன்.

முகாம் ஏரவாடாவில் ஒரு சமுதாயக் கூடத்தில் நடந்தது. பின்னால் பெரிய பேனர். அதில் எங்கள் பத்தொன்பது பேரின் படம், கீழே 'நாங்கள் நடந்தோம், நீங்கள் நலம் பெற.' நான் குத்துவிளக்கு ஏற்றினேன். முதல் டோக்கன் கிரிஜா. விருதுக்கு ஞாயிற்றுக்கிழமையும் கணக்கில் சேரும் என்பதால் இரண்டு கையிலும் பட்டைகளோடு வந்திருந்தார்.

டாக்டர் சேவியர் தூத்துக்குடிக்காரர், ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். முட்டியை அமுக்கிப் பார்த்தார்.

"ஒரு நாளைக்கு எவ்வளவும்மா நடப்பீங்க?"

கிரிஜா என்னைப் பார்த்தார். நான் பேனரைப் பார்த்தேன்.

"நேத்து இதுல இருபத்திரண்டாயிரம்னு காட்டுச்சு சார். இதுலயும் அதான். இதுலயும் அதான்."

"இதெல்லாம் யாருது?"

"எங்க சாருங்களோடது. அவங்கதான் நடக்கறாங்க. நான் சும்மா போட்டுக்கிட்டிருக்கேன்."

டாக்டர் பட்டைகளை எண்ணினார். பிறகு பேனரில் இருந்த தலைகளை எண்ணினார். மருந்துச் சீட்டை எடுத்து, 'நாற்காலி, ஒன்று. தினம் மூன்று வேளை, இருபது நிமிடம்' என்று எழுதி அதை என் கையில் கொடுத்தார்.

"இந்த முட்டிக்கு மாத்திரை குடுத்துப் பிரயோசனம் இல்ல. நடக்கிறது நீங்கதான சார், நீங்களே வாங்கிக் குடுத்துருங்க."

திங்கட்கிழமை நிர்வாகக் குழு அவசரமாகக் கூடியது. பொருள்: ஒரு நாற்காலி. ஒன்றரை மணி நேரம் பேசினோம். கம்பெனி வாங்கிய இரண்டு கம்பெனிகளைப் பற்றிக்கூட நாங்கள் அவ்வளவு பேசியதில்லை.

"ஒரு ஆள் உக்காந்தா ஒண்ணும் இல்ல," என்றார் ஷ்யாம். "ஆனா கிரிஜா உக்காந்தா பத்தொன்பது பேர் உக்காந்துடறோம். யோசிச்சுப் பாருங்க."

யோசித்துப் பார்த்தோம். பயமாக இருந்தது.

"டாக்டர் எழுதிட்டாருங்களே," என்றார் ராகவேந்திரா. "குடுக்கலைன்னா நாளைக்கு யாராச்சும் கேப்பாங்கல்ல?"

ப்ரீதி கையைத் தூக்கினாள். "சார், நான் ஒண்ணு சொல்றேன். ஆபீஸ் உள்ள குர்சி குடுத்தா அது வெல்னஸ். வெல்னஸ் எம்ப்ளாயிக்கு மட்டும்தான். ஆன்ட்டி எம்ப்ளாயி இல்ல. பட் அவங்க வீட்ல குடுத்தா, அது சோஷியல். அது அலவ்ட்."

அறையே எழுந்து நின்று கைதட்டியது. அந்த மாதத்தில் எங்கள் சொந்தக் காலில் நாங்கள் நின்றது அப்போதுதான்.

புதன்கிழமை ஏரவாடாவுக்கு நாற்காலியோடு போனோம். சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி, முதுகில் எங்கள் நிறுவனத்தின் முத்திரை, குறுக்கே ரிப்பன். கிரிஜாவின் வீடு ஒற்றை அறை. நாற்காலியை உள்ளே போட இடமில்லாததால் கேஸ் சிலிண்டரை வெளியே எடுத்துவைத்துவிட்டுப் படம் எடுத்தோம். அவரை உட்காரச் சொன்னோம், பிறகு ரிப்பன் தெரியவில்லை என்று எழுந்து பக்கத்தில் நிற்கச் சொன்னோம்.

"வீட்ல கட்டில் இருக்குது சார். உக்காரணும்னா அதுல உக்காந்துக்குவேன். எனக்கு ஆபீஸ்லதான் வேணும்."

"ஆன்ட்டி, அங்க குடுத்தா ரூல்ல வராது. இங்க குடுத்தாதான் வரும்," என்றாள் ப்ரீதி.

"அப்ப நான் இங்கயே உக்காந்துக்கறேன் கண்ணு. அங்க யாரு கூட்டுவா?"

எல்லோரும் சிரித்தோம். பயனாளியின் புன்னகை என்று அந்தப் படம்தான் ஆண்டறிக்கையில் வந்திருக்கிறது.

ஆனால் கிரிஜா விடவில்லை. மறுநாள் காலை அந்த நாற்காலியைத் தலையில் வைத்துக்கொண்டு, இரண்டு பஸ் மாறி, பாணேருக்கு வந்து சேர்ந்தார். வாசலில் செக்யூரிட்டி விஜய் மறித்தார். வெளிப் பொருளை உள்ளே கொண்டுவர அனுமதிச் சீட்டு வேண்டும், அதில் துணைத்தலைவர் கையெழுத்துப் போட வேண்டும். துணைத்தலைவர் நான். சமூகத்துக்குக் கொடுத்த பொருளை நாமே உள்ளே வாங்கிவைத்தால் நன்கொடையைத் திரும்பப் பெற்றதாக ஆகிவிடும் என்று சட்டப் பிரிவு எச்சரித்திருந்தது. நான் கையெழுத்துப் போடவில்லை. நாற்காலி வாசலிலேயே நின்றது. இரண்டு நாள் பார்த்துவிட்டு விஜய் அதில் உட்கார்ந்துகொண்டார். அவருக்கும் முட்டி வலியாம்.

அடுத்த திங்கட்கிழமை மாலை கிரிஜா என் அறை வாசலில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சார், ஒரு நாளைக்கு நீங்க பத்தொம்பது பேரும் கொஞ்சம் உக்காந்துக்கங்களேன். கூடவே நானும் உக்காந்துக்கறேன்."

"வெள்ளிக்கிழமை நடுவர்கள் வர்றா கிரிஜா. அது மட்டும் முடியட்டும்."

வெள்ளிக்கிழமை வந்தது. நடுவர் குழுவின் தலைவி தேஜஸ்வினி அம்மையார், உடன் இரண்டு பேர். 'படியே பலம்' என்று போர்டு வைத்து ஊழியர்களுக்கான லிஃப்ட்டை நிறுத்தியிருந்தோம். நடுவர்களைச் சரக்கு லிஃப்ட்டில் அழைத்துவந்தோம். கூட்ட அறையில் பெரிய திரை வைத்து, அதில் எங்கள் பத்தொன்பது பேரின் பெயரும் அடிகளும் துடிப்பும் அந்தந்த நொடியில் தெரியும்படி ஏற்பாடு. எண்கள் ஏறிக்கொண்டே இருந்தால் பார்வைக்கு நன்றாக இருக்கும் என்று, தரையிலிருந்து ஏழாவது மாடிவரை படிகளைத் துடைக்கும்படி கிரிஜாவிடம் சொல்லியிருந்தேன். ஒரு தரம் முடிந்ததும் மறுபடி கீழிருந்து.

நான் மகிழ்ச்சியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். தேஜஸ்வினி அம்மையார் திரையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். நீங்கள் எல்லோரும் உட்கார்ந்திருக்கிறீர்கள், எண்கள் மட்டும் எப்படி ஏறுகின்றன என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் ராகவேந்திராவைப் பார்த்தேன். ராகவேந்திரா அசரவில்லை. அது நேற்று நடந்தது, சர்வர் மெதுவாக அனுப்புகிறது என்று அவரும் ஆங்கிலத்திலேயே விளக்கினார். அம்மையார் குறித்துக்கொண்டார்.

அப்போதுதான் திரை முழுவதும் சிவப்பாயிற்று. அதே நொடியில் பத்தொன்பது கைபேசிகள் மேஜைமேல் துள்ளின. எல்லாவற்றிலும் ஒரே செய்தி. உங்கள் இதயத் துடிப்பு நூற்று எழுபத்தெட்டு. ஆபத்து. செய்வதை நிறுத்திவிட்டு உடனே உட்காருங்கள்.

நாங்கள் ஏற்கெனவே உட்கார்ந்திருந்ததால் மேற்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. ஷ்யாம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு நிஜமாவே படபடங்கறது," என்றார். விற்பனைத் தலைவருக்கு வியர்த்தது. ராகவேந்திரா நாற்காலியில் சரிந்தபடி, "யாரும் எந்திரிக்காதீங்க, யாரும் எந்திரிக்காதீங்க," என்றார். எழுந்திருக்கும் உத்தேசம் யாருக்கும் இல்லை. தேஜஸ்வினி அம்மையார் பதறிப்போனார். ஊழியர்களின் மகிழ்ச்சிக்காக நெஞ்சு வெடிக்க உழைக்கும் நிர்வாகத்தை அவர் பார்த்ததே இல்லையாம். ஷூக்களைக் கழற்றிவிட்டார்கள், கோப்புகளால் விசிறினார்கள். யாரோ குளுக்கோஸ் தண்ணீர் கொண்டுவரச் சொல்லிக் கத்தினார்கள்.

கொண்டுவந்தவர் கிரிஜா. ஒரு தட்டில் பத்தொன்பது டம்ளர். தட்டை மேஜைமேல் வைத்துவிட்டு அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். புடவை முதுகோடு ஒட்டியிருந்தது. மூச்சு வாங்கியதில் சொற்கள் இரண்டு இரண்டாகத்தான் வந்தன.

"சார், கை ரெண்டும்... நிக்காம அதிருது. என்னமோ எழுதியிருக்குது. எனக்கு இங்கிலீஷ் வராது. என்னன்னு பாருங்க."

நடுவர்கள் ராகவேந்திராவுக்கு விசிறிக்கொண்டிருந்தபோது கையை என் முன்னால் நீட்டினார். மணிக்கட்டுக்கு மேலே மூன்றாவது பட்டை என்னுடையது. உட்காருங்கள் என்றது. அதற்கு மேலிருந்ததும் உட்காருங்கள் என்றது. பத்தொன்பதும் அதையேதான் கெஞ்சிக்கொண்டிருந்தன.

"என்ன சார் சொல்லுது?"

"ஒண்ணுமில்ல கிரிஜா. எனக்குத்தான் ஏதோ சொல்றது. நீ போ."

எங்கள் பத்தொன்பது பேருக்கும் ஒரு வாரம் சம்பளத்தோடு ஓய்வு வழங்கப்பட்டது. வீட்டில் படுத்திருந்தேன், ருக்மிணி கஞ்சி வைத்துக் கொடுத்தாள். நாங்கள் படுத்திருந்த முதல் மூன்று நாளும் எங்கள் அடிகள் குறையவில்லை என்பது மருத்துவ உலகம் ஆராய வேண்டிய விஷயம். நான்காம் நாள் பத்தொன்பது பேரும் பூஜ்யத்துக்கு வந்தோம்.

திரும்பி வந்தபோது என் மேஜைமேல் ஒரு பிளாஸ்டிக் பை இருந்தது. உள்ளே பத்தொன்பது பட்டைகள், ஒவ்வொன்றும் துடைத்துச் சுத்தமாக. கிரிஜாவுக்கு முட்டி மடங்கவே இல்லையாம், பஸ் ஏற முடியவில்லையாம், இனி வர மாட்டாராம். ஒப்பந்தக்காரர் பாத்திமா என்று வேறொருவரை அனுப்பியிருந்தார். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. இருந்தாலும் என் துறை மகிழ்ச்சி என்பதால் அதை யாரிடமும் சொல்லவில்லை. பாத்திமாவின் கைக்குப் பட்டைகள் சற்றுப் பெரிதாக இருக்கின்றன, ஒரு துளை கூடுதலாகப் போடச் சொல்லியிருக்கிறேன்.

விருது எங்களுக்கே கிடைத்தது. வரவேற்பறையில் கண்ணாடிக்குள் மாட்டியிருக்கிறோம். ராகவேந்திரா இப்போது லிஃப்ட்டில் சும்மாவே சிரிக்கிறார். பாராட்டுரையில் தேஜஸ்வினி அம்மையார் எழுதியிருக்கிறார்: 'பத்தொன்பது பேரின் துடிப்பும் ஒரே நொடியில் ஏறி, ஒரே நொடியில் இறங்கியதை நாங்கள் நேரில் கண்டோம். ஒரே இதயமாக இயங்கும் நிர்வாகம் இது.'

அம்மையார் சரியாகத்தான் கணித்திருக்கிறார். எங்கள் பத்தொன்பது பேருக்கும் சேர்த்து இருந்தது ஒரே ஓர் இதயம்தான். அதுவும் எங்களில் யாரிடமும் இல்லை.